போர்ஷே 917: எந்தப் படத்தில் எந்த வடிவம்?

பழைய கார் பந்தயப் புகைப்படங்களை வரிசைப்படுத்தும்போது போர்ஷேயின் 917 பந்தயக் கார்கள் எல்லாமே ஒன்றுபோலத் தெரியும். ஆனால் 1969 முதல் 1973 வரை இந்தக் கார் மாறிக்கொண்டே இருந்தது. அந்த மாற்றங்களைப் பிடிக்க நான் பின்பற்றும் வழி இது.

படி 1: வாலைப் பாருங்கள்

வண்ணத்தை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். 1969 மார்ச்சில் ஜெனீவா கார் கண்காட்சியில் காட்டிய காரின் வால் பின்னோக்கித் தாழ்ந்து செல்லும். வேகம் கூடினால் பின்பக்கம் தரையில் நிற்காது. அந்த ஆண்டு பிரான்சில் நடந்த 24 மணி நேர லெ மான் பந்தயத்தின் முதல் சுற்றிலேயே ஓட்டுநர் ஜான் வுல்ஃப் தன் 917-இல் உயிரிழந்தார்.

அக்டோபரில் ஆஸ்திரியாவில் சோதனை ஓட்டம் நடந்தது. காரின் முன்பக்கம் முழுக்கப் பூச்சிகள் அடிபட்டு ஒட்டியிருக்க, வால் நுனியில் ஏறக்குறைய எதுவும் இல்லாததைப் பொறியாளர் ஜான் ஹார்ஸ்மன் கவனித்தார். அங்கே காற்றே படவில்லை! அலுமினியத் தகடுகளை ஒட்டி வாலை உயர்த்திப் பார்த்தார்கள். கார் அடங்கியது. மேல்நோக்கி எழும் அந்தக் குட்டைவால்தான் 917 கே. வாலின் மேல் இரண்டு செங்குத்துத் துடுப்புகள் நின்றால், படம் பெரும்பாலும் 1971-ஐச் சேர்ந்தது.

நீண்டு செல்லும் வால் என்றால் 917 எல்எச். பின்சக்கரத்தின் மேல்பகுதி மூடியிருந்தால் 1971 வடிவம்.

படி 2: சேசிஸ் எண்

நிதானம் தேவைப்படும் இடம் இது. சேசிஸ் எண் என்பது ஒவ்வொரு காரின் அடிச்சட்டத்துக்கும் உரிய தனி எண். உடல், வண்ணம், பந்தய எண் மூன்றையும் மாற்றிவிடலாம். 1970 லெ மானில் ஹான்ஸ் ஹெர்மனும் ரிச்சர்ட் ஆட்வுட்டும் வென்ற கார் 917-023. சிவப்பு வெள்ளை நிறம், பந்தய எண் 23. ஆனால் வெற்றிக்குப் பிறகு 917-001-க்கும் குட்டைவால் மாட்டி, அதே வண்ணம் பூசிக் காட்சிக்கு வைத்தார்கள். அதாவது ஜெனீவாவில் நின்ற முதல் கார்! 2019-இல்தான் அதன் பழைய தோற்றத்தை போர்ஷே மீட்டெடுத்தது. ஆகவே வண்ணத்தை மட்டும் நம்பிப் படத்துக்குப் பெயர் எழுதாதீர்கள்.

குறிப்பெடுக்க எனக்குப் பிடித்தது சாதாரண விரிதாள்தான். ஒரு காருக்கு ஒரு வரி போதாது. ஒரு சேசிஸ், ஒரு பந்தயம், ஒரு வரி. வால், எஞ்சின், அணி எல்லாம் அந்த வரியில். படங்களை ஆண்டுவாரியாகக் கோப்புறைகளில் போடுவதைவிட இது பல மடங்கு மேல்.

படி 3: எஞ்சின்

வெளியிலிருந்து தெரியாது, பந்தய ஆவணத்தில்தான் பார்க்க வேண்டும். ஹான்ஸ் மெட்ஸ்கர் வடிவமைத்த காற்றுக்குளிர்ச்சி 12 சிலிண்டர் எஞ்சின் 4.5 லிட்டரில் தொடங்கி, 4.9, அப்புறம் 5 லிட்டர் என வளர்ந்தது. புதியது வந்ததும் எல்லாக் கார்களும் மாறிவிடவில்லை. 1970-இல் வென்ற 023-இல் இருந்தது 4.5 லிட்டர்தான்.

சட்டகம் எந்த உலோகத்தால் ஆனது என்பதையும் விரிதாளில் ஒரு நெடுவரிசையாகச் சேருங்கள். வழக்கமானது அலுமினியக் குழாய். 1971 லெ மானில் ஹெல்முட் மார்கோவும் கைஸ் ஃபான் லென்னெப்பும் வென்ற 917-053-இல் மெக்னீசியம். 24 மணி நேரத்தில் 5,335 கிலோமீட்டர் ஓடிய அந்தச் சாதனை 2010 வரை நின்றது.

பின்சேர்க்கை

படித்தவர்கள் அதிகம் கேட்டவை இரண்டு. இளஞ்சிவப்பில் பன்றி இறைச்சித் துண்டுகளின் பெயர் எழுதிய அகலமான கார், கே-யும் இல்லை, எல்எச்-சும் இல்லை. அது 917/20, ஒன்றே ஒன்றுதான் பந்தயத்தில் ஓடியது.

கூரையே இல்லாத 917-களை வேறு தாளில் வையுங்கள். அவை வட அமெரிக்காவின் கேன்-ஆம் தொடருக்கானவை: 1969-இல் ஜோ சிஃபர்ட் ஓட்டிய 917 பிஏ, 1972-இல் ஜார்ஜ் ஃபால்மர் பட்டம் வென்ற டர்போ 917/10, 1973-இல் மார்க் டோனஹியூ வென்ற 917/30. கடைசியதன் 5.4 லிட்டர் எஞ்சின் 1,100 குதிரைத்திறன் தந்தது.