டெக் கேடட் ஸ்பான்சர்ஷிப்: விண்ணப்பம் போட்ட பிறகு, பதில் வரும்வரை

டிஎன்எஸ் (கப்பலைச் செலுத்தும் டெக் பிரிவில் பயிற்சி அதிகாரியாக, அதாவது கேடட்டாகச் சேர்வதற்கான நாட்டிக்கல் சயின்ஸ் டிப்ளமா) படிப்புக்கு ஸ்பான்சர்ஷிப், அதாவது படிப்பு முடிந்ததும் கப்பலில் எடுத்துக்கொள்வதாகக் கம்பெனி தரும் உறுதி, கேட்டு நான்கைந்து ஷிப்பிங் கம்பெனிகளுக்கு விண்ணப்பம் அனுப்பியாயிற்று. "விண்ணப்பம் கிடைத்தது" என்ற தானியங்கி மெயிலுக்குப் பிறகு ஒரு சத்தமும் இல்லை. இந்த இடைவெளியில் செய்ய வேண்டியவை நிறைய. செய்யக் கூடாதவையும் சில உண்டு. அவற்றில் ஒன்று, பொறுமை இழந்து ஏஜென்ட்டிடம் போவது.

பதில் ஏன் தாமதமாகிறது

கேடட்டுக்குக் கப்பலில் ஒரு கேபின் வேண்டும், லைஃப்போட்டில் ஓர் இடம் வேண்டும். ஒரு கப்பலில் எத்தனை கேடட் இருக்கலாம் என்பது இவற்றைப் பொறுத்தது. டிஎன்எஸ் முடித்தவர் 18 மாதக் கடல் அனுபவம் முடித்தால்தான் டெக் அதிகாரியாவதற்கான செகண்ட் மேட் தேர்வு எழுத முடியும். ஏற்கெனவே கப்பலில் இருப்பவர்கள் அந்த 18 மாதத்தை எப்போது முடிப்பார்கள் என்று கணக்குப் போட்ட பிறகே கம்பெனி அடுத்த பேட்ச் எண்ணிக்கையை முடிவு செய்யும். உங்கள் விண்ணப்பம் அதற்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தால் அது காத்திருக்கத்தான் செய்யும்.

இரண்டாவது காரணம் மதிப்பெண்ணும் ரேங்க்கும். பிளஸ் டூ முடிவும், இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் நுழைவுத் தேர்வான ஐஎம்யு செட் முடிவும் வந்த பிறகுதான் பல கம்பெனிகள் பட்டியலைச் சுருக்கும். நேர்காணலைச் சிலர் அதற்கு முன்பே நடத்திவிட்டு, ரேங்க் வரும்வரை கடிதத்தை நிறுத்தி வைப்பார்கள்.

மூன்றாவது காரணம் காத்திருப்போர் பட்டியல். நன்றாகச் செய்த மாணவருக்கு இரண்டு மூன்று கம்பெனிகளிலிருந்து கடிதம் வரும். அவர் ஒன்றை எடுத்து மற்றதை விடும்போது அந்த இடம் அடுத்தவருக்குப் போகும். வகுப்பு தொடங்கச் சில நாட்களே இருக்கும்போது அழைப்பு வருவது இதனால்தான். மௌனத்தை நிராகரிப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். "தேர்வாகவில்லை" என்ற மெயில் வரும்வரை நீங்கள் பட்டியலில் இருப்பதாகவே எண்ணித் தயாராக இருங்கள்.

முதலில் தகுதியை மறுபடி சரிபாருங்கள்

டிஎன்எஸ்ஸுக்குப் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றிலும் சேர்த்து 60 சதவீதம் வேண்டும். தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் 300-க்கு 180. பலர் 600-க்கான மொத்த சதவீதத்தைப் படிவத்தில் எழுதிவிடுகிறார்கள். மொத்தம் 72 இருந்தும் இந்த மூன்றில் 58 என்றால் விண்ணப்பம் அங்கேயே நிற்கும். ஆங்கிலத்தில் பத்தாம் வகுப்பிலோ பிளஸ் டூவிலோ 50 சதவீதம் தேவை. தப்பாக நிரப்பியிருந்தால் இப்போதே கம்பெனிக்கு எழுதித் திருத்தச் சொல்லுங்கள். சான்றிதழ் சரிபார்ப்பில் அவர்களாகக் கண்டுபிடித்தால் அதைப் பொய்த் தகவல் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள்.

கண் பரிசோதனையை இந்த வாரமே செய்துகொள்ளுங்கள். டெக் பிரிவுக்குக் கண்ணாடி இல்லாமல் இரண்டு கண்ணிலும் 6/6 கேட்பதுதான் இங்குள்ள கம்பெனிகளின் வழக்கம். அதைவிட முக்கியம் நிறக்குருடு. புள்ளிகளுக்குள் எண் மறைந்திருக்கும் இஷிஹாரா அட்டைகளை வைத்துச் சோதிப்பார்கள். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர் இரவில் எதிரே வரும் கப்பலின் விளக்கைப் பார்த்து அது எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று சொல்ல முடியாது. அதனால் இதில் விட்டுக்கொடுத்தலே இல்லை. தனக்கு நிறக்குருடு இருப்பது பதினெட்டு வயதுவரை தெரியாமலே இருப்பவர்கள் உண்டு. கட்டணம் கட்டி, பெட்டி வாங்கிய பிறகு மருத்துவரிடம் இது தெரிய வருவது பெரிய கொடுமை. பக்கத்தில் உள்ள கண் மருத்துவரிடம் முதலில் பார்த்துவிடுங்கள். ஆனால் இறுதியாகச் செல்லுபடியாகும் சான்றிதழை டிஜி ஷிப்பிங் (மத்திய அரசின் கப்பல் துறை இயக்குநரகம்) அங்கீகரித்த மருத்துவர்தான் தர முடியும். அந்தப் பட்டியல் டிஜி ஷிப்பிங் தளத்தில் இருக்கிறது.

பெயர், இனிஷியல், பாஸ்போர்ட்

தமிழ்நாட்டு மாணவர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் "கார்த்திக் எஸ்" என்று இருக்கும். பாஸ்போர்ட்டில் இனிஷியல் போட முடியாது, விரித்துத்தான் எழுத வேண்டும். எனவே அங்கே "கார்த்திக் செல்வம்" ஆகிவிடும். ஆதாரில் மூன்றாவது வடிவம். கம்பெனி படிவத்தில் அவசரத்தில் நான்காவது வடிவம்.

கம்பெனிக்கும் பயிற்சி நிறுவனத்துக்கும் கொடுக்கும் எல்லாப் படிவத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே பெயரை எழுதுங்கள். பிறகு வரும் இண்டோஸ் எண்ணும் (மாலுமிகளுக்கான பதிவு எண்) சிடிசியும் (கடல் பணியைப் பதிவு செய்யும் புத்தகம்) இந்தப் பெயரில்தான் வரும், பணிக்காலம் முழுவதும் கூடவே வரும். தந்தை பெயரின் ஆங்கில எழுத்துகளையும் பாருங்கள். ஓர் ஆவணத்தில் ஓர் எழுத்து கூடவும் இன்னொன்றில் குறைவாகவும் இருப்பது சாதாரணம். சிறு வித்தியாசம் என்றால், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் எடுத்து வைக்கலாம். பெயரே மாறியிருந்தால் அரசிதழில் வெளியிட வேண்டியிருக்கும், அதற்கு நாளாகும். ஆகவே காத்திருக்கும் காலத்தில் முதல் வேலை இது.

சர்நேம் கட்டத்தைக் காலியாக விட்ட ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டால் பின்னால் விசாவில் தொல்லை வரும். கப்பலில் சேர்வது பெரும்பாலும் வெளிநாட்டுத் துறைமுகத்தில்தான். பாஸ்போர்ட்டே இன்னும் எடுக்கவில்லையென்றால் இன்றைக்கே விண்ணப்பியுங்கள். போலீஸ் சரிபார்ப்புக்கு ஆகும் நாட்கள் உங்கள் கையில் இல்லை.

பாஸ்போர்ட்டின் முதல், கடைசிப் பக்கங்கள், பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், ஆதார், செட் மதிப்பெண் அட்டை, வெள்ளைப் பின்னணிப் புகைப்படம் என எல்லாவற்றையும் தனித்தனி பிடிஎஃப் ஆக ஸ்கேன் செய்து, பெயரும் ஆவணமும் தெரியும்படி கோப்புக்குப் பெயரிடுங்கள். செல்போனில் சாய்வாக எடுத்த படம் வேண்டாம். "நாளை காலைக்குள் அனுப்பவும்" என்று மாலை ஆறு மணிக்கு மெயில் வரும் துறை இது.

எப்போது விசாரிக்கலாம்

கம்பெனி ஒரு தேதி சொல்லியிருந்தால் அந்தத் தேதிக்குப் பின் ஒரு வாரம் விடுங்கள். தேதியே சொல்லவில்லையென்றால் விண்ணப்பித்து மூன்று வாரம், நேர்காணல் முடிந்திருந்தால் இரண்டு வாரம். பிறகு ஒரே ஒரு மெயில். தலைப்பு வரியில் முழுப்பெயர், விண்ணப்ப எண், டிஎன்எஸ், எந்த மாத பேட்ச் என்பது இருக்கட்டும். உள்ளே நான்கு வரி போதும்: எப்போது விண்ணப்பித்தீர்கள், எந்தக் கட்டம்வரை முடிந்தது, அதன் பிறகு வந்த புதுத் தகவல் என்ன, இப்போதைய நிலை என்ன என்ற கேள்வி. அந்தப் புதுத் தகவல்தான் மெயிலுக்கு உயிர். செட் ரேங்க் வந்தது, பிளஸ் டூ மதிப்பெண் வந்தது, பாஸ்போர்ட் கிடைத்தது என்று எதையாவது சேர்த்தால் அவர்கள் உங்கள் பதிவைத் திறந்தே ஆக வேண்டும். வெறும் "எனி அப்டேட் சார்" மெயிலுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

அதற்கும் பதில் இல்லையென்றால் இன்னும் பத்து நாள் கழித்துத் தொலைபேசியில் ஒரு முறை கேட்கலாம். பேச வேண்டியவர் மாணவர்தான். அப்பாவோ மாமாவோ பேசினால், கடலில் தனியாக நிற்க வேண்டிய ஆளுக்கு ஒரு போன் பேச வராதா என்று எதிர்முனையில் நினைப்பார்கள். தினமும் அழைப்பதும், அலுவலகத்துக்கு நேரே போய் நிற்பதும் உதவாது.

ஸ்பேம் பெட்டியைத் தினமும் பாருங்கள். தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தால் எடுங்கள். படிவத்தில் பிரவுசிங் சென்டர்காரரின் மெயில் முகவரியைக் கொடுத்திருந்தால் உடனே மாற்றச் சொல்லி எழுதுங்கள்.

ஆன்லைன் தேர்வுக்கும் நேர்காணலுக்கும்

பெரும்பாலான கம்பெனிகளில் ஓர் ஆன்லைன் தேர்வு உண்டு: ஆங்கிலம், கணிதம், இயற்பியல், கூடவே மனப்பாங்குத் தேர்வு. மனப்பாங்குத் தேர்வில் ஒரே கேள்வி வேறு வேறு வார்த்தைகளில் திரும்பத் திரும்ப வரும். நல்ல பிள்ளையாகக் காட்டிக்கொள்ள யோசித்து எழுதினால் விடைகள் ஒன்றுக்கொன்று முரண்படும். உள்ளதை எழுதுங்கள்.

நேர்காணலில் அடிப்படை இயற்பியலைக் கப்பலோடு சேர்த்துக் கேட்பார்கள். இரும்பு மூழ்குகிறது, இரும்புக் கப்பல் ஏன் மிதக்கிறது? கடலிலிருந்து ஆற்றுத் துறைமுகத்துக்குள் நுழையும் கப்பல் ஏன் சற்றுக் கூடுதலாக அமிழ்கிறது? கடல்நீரின் அடர்த்தி சுமார் 1.025, நன்னீருக்கு 1.000 என்பதிலிருந்து விளக்கத் தெரிந்தால் போதும். ஒரு நாட்டிக்கல் மைல் 1852 மீட்டர், அட்சரேகையின் ஒரு நிமிடத்துக்குச் சமம். நாட் என்பதே மணிக்கு ஒரு நாட்டிக்கல் மைல் என்ற வேகம், "மணிக்கு இத்தனை நாட்" என்று சொல்லிவிடாதீர்கள். போர்ட் (இடது) பக்கம் சிவப்பு விளக்கு, ஸ்டார்போர்டு (வலது) பக்கம் பச்சை. சோலாஸ் (கடலில் உயிர்ப் பாதுகாப்பு), மார்பால் (மாசு தடுப்பு), எஸ்டிசிடபிள்யு (மாலுமிகளின் பயிற்சி), எம்எல்சி (மாலுமிகளின் பணி உரிமைகள்) என்ற சர்வதேச ஒப்பந்தங்கள் நான்கும் எதற்காக வந்தவை என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாக்கியம் சொல்லப் பழகுங்கள். ஏப்ரல் 5 தேசியக் கடல்சார் தினம், 1919-இல் இந்தியக் கம்பெனியின் 'லாயல்டி' கப்பல் பம்பாயிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்ட நாள். தமிழ்நாட்டிலிருந்து வருபவரிடம் தூத்துக்குடியைப் பற்றிக் கேட்டால், 1906-இல் வ.உ.சி. தொடங்கிய சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியைச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

விண்ணப்பித்த கம்பெனியிடம் டேங்கரா, பல்க் கேரியரா, கண்டெய்னரா, கேஸ் கப்பலா, எது அதிகம் என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். "ஏன் மெர்ச்சன்ட் நேவி?" என்ற கேள்விக்குச் சம்பளம், ஊர் சுற்றுதல் என்ற விடைகளை அவர்கள் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார்கள். மாதக்கணக்கில் வீட்டைப் பிரிந்திருப்பதையும், கேடட்டாகத் துருவைச் சுரண்டிப் பெயின்ட் அடிக்கும் நாட்களையும் தெரிந்துதான் வருகிறீர்கள் என்பது பதிலில் தெரிய வேண்டும். தமிழ் வழியில் படித்தவர்கள் தினமும் அரை மணி நேரம் ஆங்கிலத்தில் வாய்விட்டுப் பேசிப் பதிவு செய்து கேளுங்கள். உச்சரிப்பு அழகைவிடத் தடுமாறாமல் முழு வாக்கியம் சொல்வதே முக்கியம்.

பணம் கேட்டால்

கப்பல் வேலைக்கோ ஸ்பான்சர்ஷிப்புக்கோ ஆள் சேர்ப்பவர் மாலுமியிடம் பணம் வாங்கக் கூடாது. எம்எல்சி 2006 ஒப்பந்தமும் இந்திய விதிகளும் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. படிப்புக் கட்டணம் வேறு. அது பயிற்சி நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கு ரசீதோடு போக வேண்டும். இடையில் ஒருவர் "கம்பெனிக்குள் ஆள் இருக்கிறது, இத்தனை லட்சம் கொடுத்தால் கடிதம் வரும்" என்றால், பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவில் கப்பலுக்கு ஆள் எடுக்க ஆர்பிஎஸ்எல் (ஆள் சேர்ப்புச் சேவைக்கான) உரிமம் வேண்டும். டிஜி ஷிப்பிங் தளத்தில் பெயர், உரிம எண், செல்லுபடியாகும் தேதி எல்லாம் பார்க்கலாம். போலிகள் உண்மையான கம்பெனியின் உரிம எண்ணையே லெட்டர்ஹெட்டில் அச்சிட்டுக் கொள்வார்கள். எண் சரியாக இருப்பது மட்டும் போதாது. தளத்தில் உள்ள தொலைபேசி எண்ணில் அழைத்து, உங்கள் பெயரில் கடிதம் கொடுத்தார்களா என்று கேளுங்கள். கடிதத்தில் உள்ள எண்ணில் கேட்பதில் பயனில்லை. பயிற்சி நிறுவனத்துக்கும் இதே சோதனைதான்: அங்கீகாரம் இருக்கிறதா, குறிப்பாக டிஎன்எஸ்ஸுக்கு இருக்கிறதா, எத்தனை இடத்துக்கு.

நேர்காணல் இல்லாத சேர்க்கைக் கடிதம், இலவச மெயில் முகவரியிலிருந்து வரும் "ஆஃபர்", சுற்றுலா விசாவில் வெளிநாடு போய் அங்கே கப்பல் ஏறலாம் என்ற பேச்சு ஆகிய மூன்றும் கண்டிப்பாக விலக வேண்டியவை. இப்படிப் போனவர்கள் சம்பளமும் இல்லாமல், கடல் அனுபவக் கணக்கும் ஏறாமல் மாட்டிக்கொள்கிறார்கள்.

மாற்று வழியைத் திறந்தே வையுங்கள்

தமிழ்நாடு பொறியியல் கலந்தாய்வுப் பதிவைத் தவற விடாதீர்கள். மெக்கானிக்கல் முடித்தவர் ஓராண்டு ஜிஎம்இ (பட்டதாரிகளுக்கான மரைன் என்ஜினியரிங் பயிற்சி) படித்து என்ஜின் பிரிவில் சேரலாம். கடலுக்கு அந்த வழி நான்கு ஆண்டு கழித்தும் திறந்திருக்கும். மூன்றாண்டு பிஎஸ்சி நாட்டிக்கல் சயின்ஸ், நான்காண்டு பிடெக் மரைன் என்ஜினியரிங் இரண்டுக்கும் அதே செட் ரேங்க்தான். கலந்தாய்வுத் தேதிகளைக் காலண்டரில் குறித்து வையுங்கள். எங்காவது இடம் பிடிக்க முன்பணம் கட்டும் முன், விலகினால் எவ்வளவு திரும்ப வரும் என்று எழுத்தில் கேளுங்கள்.

கடிதம் வந்தால்

சந்தோஷத்தில் உடனே கையெழுத்துப் போட வேண்டாம். படிப்பு முடிந்து எத்தனை மாதத்துக்குள் கப்பலில் ஏற்றுவதாகச் சொல்கிறார்கள்? 18 மாதத்தையும் முடித்துத் தருவதாக எழுதியிருக்கிறதா, "வாய்ப்பிருந்தால்" என்று இருக்கிறதா? பாண்ட் (இத்தனை காலம் அங்கேயே வேலை செய்வேன் என்ற ஒப்பந்தம்) உண்டா, எத்தனை ஆண்டு, மீறினால் எவ்வளவு? மருத்துவத் தகுதியோ ரேங்க்கோ நிபந்தனையாக உள்ளதா? எந்தப் பயிற்சி நிறுவனம் என்று அவர்களே முடிவு செய்திருக்கிறார்களா? புரியாத வரியை மெயிலில் கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்குங்கள். நேர்மையான கம்பெனி இதற்குக் கோபப்படாது. கல்விக் கடனுக்கு வங்கி கேட்கும் முதல் காகிதங்களில் இந்தக் கடிதமும் சேர்க்கைக் கடிதமும் இருக்கும். அசலை யாரிடமும் கொடுத்துவிட்டு வராதீர்கள்.

வராவிட்டால், எந்தக் கட்டத்தில் நின்றது என்று பாருங்கள். அழைப்பே வரவில்லையென்றால் ரேங்க்கோ மதிப்பெண்ணோ காரணமாக இருக்கலாம். ஆன்லைன் தேர்வில் நின்றதென்றால் பெரும்பாலும் ஆங்கிலமும் வேகமும். நேர்காணலில் நின்றதென்றால், கேட்ட கேள்விகளை அன்றே எழுதி வைத்து விடை தேடுங்கள். அடுத்த பேட்ச்சுக்கு விண்ணப்பிக்கும்போது முன்பு விண்ணப்பித்ததை மறைக்க வேண்டாம், அவர்களிடம் பதிவு இருக்கும். அதற்கு முன் வயது வரம்பையும், பழைய செட் ரேங்க் அந்த பேட்ச்சுக்குச் செல்லுமா என்பதையும் அந்த ஆண்டின் அறிவிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள்.