சும்மா இருக்கும் கம்ப்யூட்டரில் ப்ராசஸர் மட்டும் ஓடுகிறதா? ஆளைப் பிடிக்கும் வழி

நீங்கள் எதையும் திறக்கவில்லை, கீபோர்டைத் தொடவும் இல்லை. ஆனாலும் கேபினட்டுக்குள் ஃபேன் இரைகிறது. என்னவென்று பார்க்க மவுஸை அசைத்தால் சத்தம் அடங்கிவிடுகிறது. ஓடும் ப்ரோகிராம்களைப் பட்டியலிடும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் சிபியு, அதாவது ப்ராசஸர், 3 சதவீதம் என்று காட்டிக்கொண்டு, ஒன்றும் அறியாத பிள்ளை மாதிரி நிற்கிறது.

டாஸ்க் மேனேஜர் காட்டும் சதவீதம் அந்த நொடிக்கு மட்டும்தான். நீங்கள் எழுந்து போன பிறகு நடந்தது அதில் தெரியாது. ஆனால் எந்த ப்ரோகிராம் மொத்தம் எவ்வளவு நேரம் ப்ராசஸரைப் பிடித்து வைத்திருந்தது என்று விண்டோஸ் தனியாக ஒரு கணக்கு எழுதி வைக்கிறது. அதை எடுத்துப் பார்ப்பதுதான் இங்கே வேலை. விண்டோஸ் 10, 11 இரண்டிலும் இது இருக்கிறது.

படி 1: முதலில் ரீஸ்டார்ட்

ஷட் டவுன் செய்து மறுபடி ஆன் செய்வது போதாது. ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ வசதி ஆனில் இருந்தால், ஷட் டவுன் செய்யும்போது விண்டோஸ் தன் உட்பகுதியின் நிலையை டிஸ்க்கில் சேமித்து, அடுத்த முறை அங்கிருந்தே எழுந்து வரும். எங்கேயாவது சிக்கி நிற்கும் டிரைவரும் (ஒரு சாதனத்தை இயக்கும் ப்ரோகிராம்) அதே நிலையில் கூடவே வந்துவிடலாம். ‘ரீஸ்டார்ட்’ கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். பல பேருக்குப் பிரச்சினை இங்கேயே முடிந்துவிடும்.

படி 2: சிபியு டைம்

கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் ‘டீடெயில்ஸ்’ பகுதிக்குப் போங்கள். மேலே ‘நேம்’, ‘ஸ்டேட்டஸ்’ என்று தலைப்புகள் இருக்கும் வரியில் ரைட் கிளிக் செய்து, ‘செலக்ட் காலம்ஸ்’ கொடுத்து, ‘சிபியு டைம்’ என்பதை டிக் செய்யுங்கள். புதிதாக வரும் அந்தத் தலைப்பைக் கிளிக் செய்தால் அதிக நேரம் எடுத்தவர் மேலே வருவார்.

முதலிடத்தில் பெரும்பாலும் ‘சிஸ்டம் ஐடில் ப்ராசஸ்’ நிற்கும். பக்கத்தில் 95, 97 என்று சதவீதம் வேறு. புதிதாகப் பார்ப்பவர்கள் இதுதான் திருடன் என்று முடிவு கட்டிவிடுவார்கள். அது வேலை செய்யும் ப்ரோகிராமே இல்லை. ப்ராசஸர் சும்மா இருந்த நேரத்தைத்தான் அந்தப் பெயரில் எழுதுகிறார்கள். அந்த எண் பெரிதாக இருந்தால் நல்லது.

இன்னொரு எண்ணும் வேண்டும். ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதியில் சிபியு என்பதைக் கிளிக் செய்தால் கீழே ‘லாஜிக்கல் ப்ராசஸர்ஸ்’ என்று இருக்கும். உங்கள் ப்ராசஸரை விண்டோஸ் எத்தனை தனித்தனி ப்ராசஸர்களாக எண்ணுகிறது என்பதுதான் அது. அந்த எண் 8 என்று வைத்துக்கொள்வோம்.

படி 3: எழுந்து போங்கள்

பவர் செட்டிங்ஸில் ஸ்லீப் என்பதை ‘நெவர்’ ஆக்குங்கள். கம்ப்யூட்டர் தூங்கிவிட்டால் சோதனையே வீண். முதல் பத்து வரிகளின் சிபியு டைமை மொபைலில் படம் எடுத்துவிட்டு, டாஸ்க் மேனேஜரை மூடிவிட்டு ஒரு மணி நேரம் அந்தப் பக்கமே வராதீர்கள்.

திரும்பி வந்து மறுபடி திறந்து, பழைய படத்தோடு ஒப்பிடுங்கள். 8 லாஜிக்கல் ப்ராசஸர்கள் ஒரு மணி நேரம் சும்மா இருந்திருந்தால் ஐடில் ப்ராசஸின் கணக்கில் ஏறத்தாழ 8 மணி நேரம் கூடியிருக்க வேண்டும். 5 மணி நேரம்தான் கூடியிருக்கிறது என்றால், மிச்சம் 3 மணி நேரத்தை யாரோ எடுத்திருக்கிறார்கள். யார் பெயரில் கூடியிருக்கிறது என்று கீழே தேடுங்கள்.

என் கம்ப்யூட்டரில் ஒரு முறை ‘ஸ்பூல்எஸ்வி’ என்ற பெயர் மாட்டியது. பிரிண்டருக்குப் போகும் வேலைகளை வரிசைப்படுத்தும் சர்வீஸ், அதாவது பின்னணியில் ஓடும் ப்ரோகிராம், அது. இரவு 10 மணிக்குப் படம் எடுத்தேன், காலை 6 மணிக்குப் பார்த்தால் அதன் கணக்கில் கிட்டத்தட்ட 8 மணி நேரம் ஏறியிருந்தது. சதவீதமோ 12க்கும் 13க்கும் நடுவிலேயே ஆடிக்கொண்டிருந்தது. 100ஐ 8ஆல் வகுத்தால் 12.5. அதாவது ஒரே ஒரு லாஜிக்கல் ப்ராசஸரை முழுசாகப் பிடித்துக்கொண்டு, ஏதோ ஒரு வேலை செக்குமாடாகச் சுற்றிக்கொண்டிருக்கிறது. இப்படி அசையாமல் நிற்கும் எண்ணைப் பார்த்தால், ப்ரோகிராம் எங்கோ மாட்டிக்கொண்டு வெளியே வர முடியாமல் நிற்கிறது என்றுதான் நான் முதலில் சந்தேகப்படுவேன்.

காரணம், எப்போதோ அனுப்பி அச்சாகாமல் போன ஒரு பக்கம். ‘சர்வீசஸ்’ போய் ‘பிரிண்ட் ஸ்பூலர்’ சர்வீஸை நிறுத்தினேன். சி டிரைவில் விண்டோஸ், அதற்குள் சிஸ்டம்32, அதற்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ் என்ற ஃபோல்டரில் இருந்த ஃபைல்களை மட்டும் அழித்துவிட்டு சர்வீஸை மறுபடி தொடங்கினேன். ஃபேன் அடங்கியது.

படி 4: மாட்டிய பெயர் என்ன சொல்கிறது

‘எம்எஸ்எம்பிஎங்’ (MsMpEng) என்றால் விண்டோஸின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டர். ‘டைவொர்க்கர்’ (TiWorker) விண்டோஸ் அப்டேட் வேலை. ‘சர்ச்இண்டெக்ஸர்’ உங்கள் ஃபைல்களுக்குத் தேடல் பட்டியல் போடுகிறது. இந்த மாதிரி வேலைகளில் பலவற்றை நீங்கள் இல்லாத நேரமாகப் பார்த்து விண்டோஸே தொடங்கும், மவுஸ் அசைந்ததும் ஒதுங்கிக்கொள்ளும். பராமரிப்பு வேலைகளுக்கு அது வைத்திருக்கும் வழக்கமான நேரம் அதிகாலை 2 மணி. அந்த நேரத்தில் கம்ப்யூட்டர் ஆஃபில் இருந்தால், பிறகு நீங்கள் எழுந்து போகும் இடைவெளியைப் பிடித்துக்கொள்ளும். இதற்கு மருந்து, ஓர் இரவு முழுக்க ஆன் செய்து விட்டுவிடுவது. சத்தம் கேட்கும்போதெல்லாம் ஆஃப் செய்தால் அந்த வேலை முடியவே முடியாது, மறுநாளும் அதே கதைதான்.

‘எஸ்விசிஹோஸ்ட்’ என்றால் அது ஒரு முகமூடி. பல சர்வீஸ்கள் அந்தப் பெயரில் ஓடும். ரைட் கிளிக் செய்து ‘கோ டு சர்வீசஸ்’ கொடுத்தால் உள்ளே இருப்பது யார் என்று தெரியும். தெரியாமல் ‘எண்ட் டாஸ்க்’ கொடுக்காதீர்கள், நெட்வொர்க்கோ ஆடியோவோ கூடவே நின்றுபோகலாம்.

‘சிஸ்டம் இண்டரப்ட்ஸ்’ சில சதவீதத்துக்கு மேல் தொடர்ந்து நின்றால் பழி ஹார்ட்வேரில் அல்லது அதன் டிரைவரில். யுஎஸ்பி சாதனங்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். எதைக் கழற்றியதும் எண் இறங்குகிறதோ அதுதான்.

குரோம் பிரவுசர் என்றால் அதற்குள் ஷிஃப்ட், எஸ்கேப் அழுத்துங்கள். அதற்கென்று தனி டாஸ்க் மேனேஜர் இருக்கிறது. எந்த டேப், எந்த எக்ஸ்டென்ஷன் என்று அதில் பிரித்தே காட்டும்.

படி 5: கணக்கு உதைக்கிறது, ஆளைக் காணோம்

ஐடில் நேரம் குறைந்திருக்கிறது, ஆனால் பட்டியலில் யார் பெயரிலும் அந்த நேரம் ஏறவில்லை. அப்படியானால் ஓடிய ப்ரோகிராம் மூடிக்கொண்டு போய்விட்டது. மேலே சொன்ன பராமரிப்பு வேலைகளும் முடிந்ததும் மறைந்துபோகும், அதனால் ஒரு நாளை வைத்து முடிவு செய்ய வேண்டாம். மூன்று நாட்கள் தொடர்ந்து இப்படியே வந்தால் இன்னொரு சோதனை: டாஸ்க் மேனேஜரைத் திறந்தே வைத்துவிட்டு ஒரு மணி நேரம் போய் வாருங்கள். திறந்திருந்தால் அமைதி, மூடியிருந்தால் இரைச்சல் என்றால் மைனர் என்று சந்தேகிக்கலாம். உங்கள் ப்ராசஸரில் கிரிப்டோ நாணயம் தோண்டும் இந்தத் திருட்டு ப்ரோகிராம்களில் சில, டாஸ்க் மேனேஜர் திறந்ததும் வேலையை நிறுத்திவிட்டுப் பதுங்கும்.

ஓடும் விண்டோஸுக்குள் இருந்துகொண்டு இதைத் தேடுவதை நான் நம்புவதில்லை. விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் பகுதிக்குப் போய், ஸ்கேன் ஆப்ஷன்ஸில் ‘மைக்ரோசாஃப்ட் டிஃபெண்டர் ஆஃப்லைன் ஸ்கேன்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். திறந்திருப்பதைச் சேமித்துவிட்டுக் கொடுங்கள், கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகும். வழக்கமான விண்டோஸ் எழும்புவதற்கு முன்பே, சுமார் 15 நிமிடம் தேடும். பதுங்குகிறவனும் அப்போது ஓடிக்கொண்டிருக்க மாட்டான்.

அது முடிந்ததும், ப்ரோகிராம்களைத் தானாகத் தொடங்கும் ‘டாஸ்க் ஷெட்யூலர்’ திறந்து, லைப்ரரியின் முதல் பட்டியலை ஒரு முறை படியுங்கள். ‘ட்ரிகர்ஸ்’ கட்டத்தில் கம்ப்யூட்டர் ஐடிலாக இருக்கும்போது தொடங்கு என்று இருந்து, ‘ஆக்‌ஷன்ஸ்’ பகுதி ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் இருக்கும், நீங்கள் கேள்விப்படாத ஒரு ஃபைலைக் காட்டினால், உடனே அழிக்காமல் முதலில் ‘டிஸேபிள்’ செய்யுங்கள்.

பிறகு படி 3ஐ ஓர் இரவுக்குச் செய்து பாருங்கள். ஸ்பூலரைச் சரிசெய்த மறுநாள் காலை, 8 மணி நேரத்தில் என் ஐடில் கணக்கில் 63 மணி நேரத்துக்கு மேல் கூடியிருந்தது. முழுசாகச் சும்மா இருந்திருந்தால் 64.