மின்சார காடி வாங்கும் முன் நம் ஆட்கள் செய்யும் தவறுகள்

சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்தில் வளர்ந்த என் அத்தை மகன் மின்சார காடி எடுத்த கொஞ்ச நாளில் வீட்டில் சார்ஜரும் மாட்டினான். "அந்தச் செலவுக்கு அரசாங்கம் 2,500 வெள்ளி திருப்பித் தருதாம்" என்று டீக்கடையில் ஒருத்தர் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தான். கடைசியில் வரிக் கணக்கு போட்டதில் மிச்சமானது 150 வெள்ளி.

யாரும் அவனை ஏமாற்றவில்லை. 2,500 என்பது கையில் வரும் காசு இல்லை, வரி போடுவதற்கு முன் வருமானத்தில் கழித்துக்கொள்ளும் தொகை, அதுவும் அதிகபட்சம். வரிக்குரிய வருமானம் 35,000-க்கு மேல் 50,000-க்குள் என்றால் அந்தப் படிக்கு வரி 6 விழுக்காடு, ஆக மிச்சம் அதிகபட்சம் 150 வெள்ளி. அடுத்த படியில், அதாவது 70,000 வரை, 11 விழுக்காடு என்பதால் 275 வரை. வரியே வராதவருக்கு ஒன்றும் கிடையாது. இந்தச் சலுகை 2027 மதிப்பீட்டு ஆண்டு வரை உண்டு, சொந்தக் காடிக்கு மட்டும்தான், தொழிலுக்கு இல்லை. ரசீதை 7 வருஷம் பத்திரமாக வைக்கணும். வயரிங் ஆள் சிகரெட் அட்டையில் கிறுக்கித் தந்தது ரசீது ஆகாது, ஐயா.

அப்புறம் காடிக்கே உள்ள "வரி விலக்கு" என்ற பேச்சு. வெளிநாட்டிலிருந்து முழுசாக வரும் மின்சார காடிகளுக்கான விலக்கு 2025 டிசம்பர் 31-ஓடு முடிந்துவிட்டது, இங்கே பாகங்களைப் பூட்டிச் செய்யும் காடிகளுக்குத்தான் 2027 கடைசி வரை. அதுவும் விலையிலேயே சேர்ந்து வருவது, நீங்கள் பாரம் நிரப்பிக் கேட்டு வாங்கும் சலுகை இல்லை. ரோட்டேக்ஸும் 2026 முதல் இலவசம் இல்லை. பயப்படவும் வேண்டாம், 100 கிலோவாட் வரை வருஷத்துக்கு 70 வெள்ளியைத் தாண்டாது. ஆனால் அந்தக் கிலோவாட் மோட்டாரின் சக்தி. பேட்டரிக்குச் சொல்லும் கிலோவாட் மணியை வைத்துக் கணக்குப் போட்டுவிட்டு ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) கவுண்டரில் வாக்குவாதம் பண்ணாதீர்கள்.

விலைப் பலகையை மட்டும் பார்ப்பது இன்னொன்று. பெரோடுவாவின் மின்சார காடி கியூவி-ஈ வந்தபோது 80,000 வெள்ளி என்றார்கள், பேட்டரிக்கு மாதம் 275 வெள்ளி வாடகை, 9 வருஷத்துக்கு. பெருக்கினால் 29,700.

இதையெல்லாம்விட நான் கோபப்படுவது வயரிங் விஷயத்தில்தான். தோட்ட லைன் வீடு உங்களுடையது இல்லை, நிர்வாகத்திடம் எழுத்தில் அனுமதி வாங்காமல் சார்ஜருக்கு முன்பணம் கட்டாதீர்கள். அனுமதி இல்லையென்றால் சும்மா இருக்கணுமே, நம் ஆள் வீட்டு வாசலிலிருந்து எக்ஸ்டென்ஷன் வயரை இழுத்து, மழைக்குப் பிளாஸ்டிக் பையைச் சுற்றி, ராத்திரி முழுக்கச் சார்ஜ் போடுவார். என் அத்தை மகனும் முதல் வாரம் அப்படித்தான் செய்தான். காலையில் பிடுங்கப் போனபோது மூன்று பின் பிளக் பழுப்பாகிச் சுவரோடு ஒட்டியிருந்தது, அத்தை அதை இன்னும் அலமாரியில் வைத்திருக்கிறார், வருகிறவர்களுக்கெல்லாம் எடுத்துக் காட்ட.