மூன்றே காலுக்குப் பிறகு பிள்ளை யார் பொறுப்பில்?

இங்கிலாந்தில் ஆரம்பப் பள்ளி பெரும்பாலும் எட்டே முக்காலுக்குத் தொடங்கி மூன்றே காலுக்கு முடிந்துவிடும். எந்த வேலை நேரத்துக்கும் இது ஒத்துவராது. அதற்காகத்தான் காலையில் பிரேக்ஃபஸ்ட் கிளப்பும் மாலை ஆறு மணி வரை ஆஃப்டர் ஸ்கூல் கிளப்பும். அங்கே பிள்ளையைப் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் வகுப்பாசிரியர் அல்ல. டீச்சிங் அசிஸ்டன்ட்களும், மதியச் சாப்பாட்டு நேர மேற்பார்வையாளர்களும், பிள்ளைகளை விளையாடவைத்துக் கவனிக்கும் பிளேவொர்க்கர்களும்தான். ஊர்ப் பழக்கத்தில் டீச்சரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று நாம் இருந்துவிடுகிறோம். சிக்கல் அங்கேதான்.

பள்ளி ஆபீஸில் முதலில் கேட்க வேண்டியது: கிளப்பை நடத்துவது பள்ளியா, வெளி நிறுவனமா? வெளி நிறுவனம் என்றால் படிவம், கட்டணம், தொலைபேசி எண் எல்லாமே தனி. பள்ளியில் நீங்கள் எழுதிக் கொடுத்தது அங்கே தானாகப் போய்ச் சேரும் என்று நம்பாதீர்கள். நிலக்கடலை ஒவ்வாமை பள்ளிப் பதிவில் இருக்கும். மாலையில் சிற்றுண்டி கொடுப்பவருக்குத் தெரிந்திருக்காது. ‘வெஜிடேரியன்’ என்று மட்டும் எழுதினால் இந்த நாட்டில் முட்டையும் அதில் அடக்கம். முட்டை வேண்டாம், ஜெலட்டின் வேண்டாம் என்று தனித்தனியே எழுதுங்கள். ஜெல்லி மிட்டாய்களில் பன்றி அல்லது மாட்டு ஜெலட்டின் இருப்பது சகஜம்.

மருந்தைப் பிள்ளையின் பையில் போட்டு அனுப்பக் கூடாது. மருந்துக்கடை லேபிளுடன் அதே பெட்டியில் கொண்டுபோய்க் கொடுத்து, படிவத்தில் கையெழுத்திட வேண்டும். இன்ஹேலரோ, கடும் ஒவ்வாமைக்கு உடனே போடும் எபிபென் ஊசியோ இருந்தால் இன்னொரு கேள்வியும் கேளுங்கள்: மாலை ஐந்து மணிக்கு ஆபீஸ் பூட்டியிருக்கும்போது அதை யார் எடுத்துக் கொடுப்பார்?

கூட்டிப்போக வருபவரின் பெயர் பட்டியலில் இருக்க வேண்டும். பல கிளப்புகளில் கடவுச்சொல்லும் உண்டு. பிள்ளை “சித்தப்பா!” என்று ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாலும், பெயர் இல்லையென்றால் அனுப்ப மாட்டார்கள். கோபித்துப் பயனில்லை, அது அவர்கள் வேலையின் விதி. தாமதமானால் கூடுதல் கட்டணம். உங்களையும் பிடிக்க முடியவில்லை, அவசரத் தொடர்பு எண்களும் எடுக்கவில்லை என்றால், கவுன்சிலின் (உள்ளூராட்சியின்) குழந்தைகள் நலப் பிரிவுக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் வரும். ஆகவே பக்கத்தில் வசிக்கும் இரண்டு பேரின் எண்ணைக் கொடுங்கள். ஊரிலிருக்கும் தாத்தாவின் எண் அந்த நேரத்தில் உதவாது.

கிளப் செலவுக்கு, வேலை செய்யும் பெற்றோருக்கான டாக்ஸ் ஃப்ரீ சைல்ட்கேர் என்ற அரசுக் கணக்கு உண்டு: நீங்கள் 8 பவுண்டு போட்டால் அரசு 2 பவுண்டு சேர்க்கும், ஒரு பிள்ளைக்கு மூன்று மாதத்துக்கு 500 பவுண்டு வரை. கிளப் அந்தத் திட்டத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். கணவன், மனைவி இருவர் விசாவிலும் அரசு உதவி பெறத் தடை இருந்தால் இது கிடைக்காது. ஆனால் பள்ளி இலவச மதிய உணவுக் கதை வேறு. ரிசெப்ஷன் (ஒன்றாம் வகுப்புக்கு முந்தைய ஆண்டு) முதல் இரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளிகளில் எல்லாருக்கும் உண்டு. அதற்கு மேல், அந்தத் தடை இருந்தாலும் வருமானம் குறைவென்றால் விண்ணப்பிக்கலாம். லண்டன் அரசு ஆரம்பப் பள்ளிகளில் 2023 செப்டம்பரிலிருந்து மூன்றாம் வகுப்பு முதல் ஆறாம் வகுப்பு வரை எல்லாருக்கும் மேயர் தருகிறார்.

சில பள்ளிகளில் குடும்பத்துக்கும் பள்ளிக்கும் இடையே தொடர்பாக ஃபேமிலி லியாசன் ஆபீசர் இருப்பார். சீருடை வாங்கக் காசில்லை, வீட்டுப் பிரச்சினை, படிவம் புரியவில்லை என்றால் போகவேண்டிய ஆள் இவர்தான். நீங்கள் சொன்னதை மற்றப் பெற்றோரிடம் பேச மாட்டார். பிள்ளையின் பாதுகாப்பு பற்றிக் கவலை வந்தால் மட்டும் அவர் தன் மேலிடத்துக்குச் சொல்லியாக வேண்டும். மொழிபெயர்க்கப் பிள்ளையை நிறுத்தாதீர்கள், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே கேளுங்கள்.

சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிகள் பலவும் இப்படியொரு பள்ளிக் கட்டடத்தை வாடகைக்கு எடுத்தே நடக்கின்றன. கதவைத் திறப்பதும் பூட்டுவதும் பெரும்பாலும் கட்டடத்தைப் பராமரிக்கும் கேர்டேக்கர், அவர் வேலை நேரத்துக்கான கூலியும் வாடகையில் சேரலாம். வகுப்பு முடிந்ததும் மேசைகளை முன்பு இருந்தபடியே திரும்பப் போட்டுவிட்டு, பலகையை அழித்துவிட்டுக் கிளம்புங்கள். திங்கட்கிழமை ஆசிரியரின் முறைப்பாடு முதலில் போவது கேர்டேக்கரிடம்தான்.