பம்பிலிருந்து நேரடித் தாய்ப்பாலுக்கு: பால் குறையாமல் மாறுவது எப்படி?

குறைமாதக் குழந்தை மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு வந்து, மார்பில் வாய் வைத்துக் குடிக்கத் தொடங்கியதும், “இனி பம்பு எதற்கு?” என்று வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள். தயவுசெய்து அன்றைக்கே தாய்ப்பால் எடுக்கும் பம்பை எடுத்துவைத்துவிடாதீர்கள். எடுக்க எடுக்கத்தான் பால் ஊறும். மார்பிலேயே தங்கிவிடும் பால் சுரப்பைக் குறைத்துவிடும். புதிதாகப் பழகும் குழந்தை பாதி குடித்துவிட்டுத் தூங்கிப்போகும். மீதியை வெளியேற்றப் பம்பு வேண்டும்.

உறிஞ்சி, விழுங்கி, மூச்சுவிடும் ஒழுங்கு பெரும்பாலும் கர்ப்பக் கணக்கில் 34 வாரத்தையொட்டித்தான் கைகூடும். எனவே மருத்துவர் சரி என்ற பிறகே தொடங்குங்கள்.

முதலில்: தோலோடு தோல்

டயப்பர் மட்டும் அணிவித்துக் குழந்தையை உங்கள் வெறும் மார்பில் படுக்க வையுங்கள். புதுச்சேரியின் மே மாதப் புழுக்கத்தில் இது கடினம்தான். மின்விசிறியைக் குறைவாக வைத்துக்கொள்ளலாம், காற்று குழந்தையின் மேல் நேரே படக்கூடாது. குழந்தை தலையைத் திருப்பித் தேடினாலோ, கையை வாய்க்குக் கொண்டுபோனாலோ பால் கொடுங்கள். அழும்வரை காத்திருந்தால் வாயைச் சரியாகப் பொருத்த முடியாது.

அடுத்து: பிடிப்பு

இதற்குத்தான் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். பாட்டிலில் பழகிய குழந்தைக்குப் பால் உடனே வர வேண்டும். அதனால் கையால் சிறிது பீய்ச்சி, காம்பின் நுனியில் துளி நிற்கும்போது மூக்கருகே கொண்டுபோங்கள். வாயை அகலமாகத் திறந்ததும் குழந்தையை உங்களிடம் இழுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் குனிய வேண்டாம். தாடை மார்பில் அழுந்தியிருக்க வேண்டும், கீழுதடு வெளிப்புறம் மடிந்திருக்க வேண்டும், கரிய வட்டம் மேலே அதிகமாகவும் கீழே குறைவாகவும் தெரிய வேண்டும். வலி நீடித்தால், சுண்டுவிரலை வாயோரத்தில் நுழைத்து விடுவித்துவிட்டு மறுபடி முயலுங்கள். உறிஞ்சுவது மந்தமாகும்போது மார்பை உள்ளங்கையால் மெல்ல அழுத்திக் கொடுத்தால், பால் வந்து குழந்தை மறுபடி விழுங்கும்.

தொடக்கத்தில் நாளுக்கு ஓரிரு வேளை நேரடியாக மார்பில் கொடுத்தால் போதும்.

குடித்த பிறகு பம்பு

ஒவ்வொரு நேரடி வேளைக்குப் பின்னும் பத்து நிமிடம் பம்பு செய்யுங்கள். கிடைத்த பாலைப் பாட்டிலில் ஊட்டாமல் பாலாடையில் (சங்கு போன்ற சிறு கிண்ணத்தில்) ஊட்டுவதே நல்லது என்பது என் கருத்து, பிடிப்பு கெடாது. எடுத்த பால் 25 டிகிரி வரையுள்ள அறையில் நான்கு மணி நேரம் தாங்கும். நம் ஊர் வெயிலில் அதை நம்பாமல் உடனே குளிர்பெட்டியில் வையுங்கள்.

பம்பைக் குறைப்பது

குழந்தை குடித்தாலும் பம்பு எடுத்தாலும், 24 மணி நேரத்தில் மொத்தம் 8 முதல் 12 முறை பால் வெளியேற வேண்டும். குழந்தை நன்றாகக் குடிக்கத் தொடங்கியதும், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரு பம்பு வேளையை மட்டும் நிறுத்துங்கள். இரவு வேளையைக் கடைசிவரை விடாதீர்கள். பால் சுரக்கவைக்கும் புரோலாக்டின் ஹார்மோன் அப்போதுதான் கூடுதலாக இருக்கும். மார்பு கல்லாகக் கனத்தால் வலி தணியும் அளவுக்கு மட்டும் எடுங்கள். காய்ச்சலோடு சிவந்த, வலிக்கும் கட்டி தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் போங்கள். பால் கொடுப்பதை நிறுத்த வேண்டியதில்லை.

போதுமான பால் கிடைக்கிறதா?

நாளுக்கு ஆறு முறையாவது நன்றாகச் சிறுநீர் கழிக்கிறதா என்று பாருங்கள். அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஒரே தராசில் வாரந்தோறும் எடை போடுங்கள். முதல் மாதங்களில் நாளுக்குச் சுமார் 20 முதல் 30 கிராம் ஏறினால் நல்லது. எடை நின்றுவிட்டால் நிறுத்திய பம்பு வேளையை மறுபடி சேர்த்து, மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீர் குறைந்து, எழுப்பினாலும் குடிக்காமல் தூங்கினால் காத்திருக்கக் கூடாது.

பால்சுறா புட்டும் பூண்டுக் குழம்பும் நம் கடற்கரை வீடுகளின் பத்தியச் சாப்பாடு. ஆசையாகச் சாப்பிடுங்கள், உடம்பு தேறும். ஆனால் மார்பு காலியாகாவிட்டால் எந்தக் குழம்பும் பாலைக் கூட்டாது.

கடலூரிலிருந்து புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்குப் பரிசோதனைக்கு வரும் நாளில் பஸ்ஸிலும் வரிசையிலும் பாதி நாள் போய்விடும். அன்றும் வேளை தவறாதீர்கள். தமிழகப் பேருந்து நிலையங்களில் 2015 முதல் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டிருக்கின்றன, கேட்டுப் பயன்படுத்துங்கள். பால் தேவைக்கு மேல் சேர்கிறது என்றால், ஜிப்மரின் தாய்ப்பால் வங்கியில் தானம் பற்றி விசாரியுங்கள்.