டாப் பாக்ஸ் கீல் உடைந்தால் இதையெல்லாம் செய்யாதீர்கள்

போன மாதம் மஞ்சக்குப்பத்தில் எங்கள் தெருத் தம்பி ஒருவன் பைக்கை என் வாசலில் நிறுத்தி, "அண்ணே, கீலை நானே மாட்டிட்டேன், கொஞ்சமும் ஆடல, பாருங்க" என்றான். பைக்கின் பின்னால் சாமான் வைக்க மாட்டும் பெட்டிதான் டாப் பாக்ஸ், அதன் மூடியைத் திறந்து பார்த்தேன். வேலை சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் நான்கு நட்டைச் சுற்றியும் நீல நிறத்தில் ஏதோ வழிந்திருந்ததைப் பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் செய்த அதே தவறு.

அளவு எடுக்காமல் துளை போடுவது போன்றவற்றை நீங்களே பார்த்துக்கொள்வீர்கள். சொல்லிக்கொடுக்க ஆள் இல்லாமல் மாட்டிக்கொள்ளும் இடங்களை மட்டும் எழுதுகிறேன்.

என்ன பிளாஸ்டிக் என்று தெரியாமல் ஒட்டுவது

பெட்டியின் உள்பக்கமோ அடியிலோ ஏபிஎஸ் (ABS) அல்லது பிபி (PP, பாலிப்ரொப்பிலீன்) என்று பிளாஸ்டிக்கின் வகை அச்சாகியிருக்கும். இல்லையென்றால் உடைந்த ஓரத்தில் நகக்கண் அளவு சீவி, தண்ணீரில் போட்டு விரலால் ஒரு தடவை அமுக்கிவிடுங்கள். மிதந்தால் பெரும்பாலும் பிபி, மூழ்கினால் பெரும்பாலும் ஏபிஎஸ். பிபி மேல் நொடியில் ஒட்டும் பசை பிடிக்கவே பிடிக்காது, எத்தனை டியூப் வாங்கினாலும் சரி. ஏபிஎஸ்ஸில் ஒட்டும், ஆனால் காய்ந்த பிறகு அந்தப் பசை கண்ணாடி மாதிரி விறைப்பாகிவிடும். தினமும் பத்து தடவை திறந்து மூடும் கீலுக்கு அது எத்தனை நாள் வரும்? ஆகவே போல்ட் போட்டு உலோகக் கீல் மாட்டுவதுதான் வழி.

நட்டுக்கு த்ரெட் லாக்கர் விடுவது

இதில்தான் நான் பணத்தை விட்டேன். இன்றைக்கு நினைத்தாலும் ஆத்திரமாக வருகிறது.

எஞ்சின் வேலை பார்த்துப் பழகிய கை எனக்கு. அதிர்வு இருக்கும் இடத்தில் நட் கழறக் கூடாது என்றால் த்ரெட் லாக்கர் என்ற நீலத் திரவம் ரெண்டு சொட்டு, அதுதான் பழக்கம். அன்றைக்கும் அப்படியே விட்டு இறுக்கினேன். ஒன்பதாம் நாள் கடலூரிலிருந்து பாண்டிக்குப் போகும்போது, கிருமாம்பாக்கம் தாண்டி ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கியதும் பின்னால் 'டப்' என்று சத்தம். திரும்பிப் பார்க்கிறேன், மூடி ரோட்டில் கிடக்கிறது, பின்னால் வந்த லாரி அதன் மேல் ஏறிப் போய்விட்டது. லாரிக்குப் பதில் ஒரு ஸ்கூட்டர் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இப்போதும் யோசிக்கப் பிடிக்கவில்லை. மூடி மட்டும் தனியாகக் கிடைக்கவில்லை, முழுப் பெட்டியாகத்தான் வாங்கினேன், 3,200 ரூபாய்.

வீட்டுக்கு வந்து பெட்டியைப் பார்த்தால் போல்ட், நட், கீல் எதற்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒவ்வொரு துளையிலிருந்தும் தலைமுடி போல நாலா பக்கமும் விரிசல். காரணம் அப்புறம்தான் புரிந்தது. அந்தத் திரவம் காற்று படாமல், உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவில் இருந்தால்தான் இறுகும். வெளியே வழிந்தது ஈரமாகவே இருந்து பிளாஸ்டிக்கில் ஊறும். போல்ட் இறுக்கத்தில் துளையின் விளிம்பு ஏற்கெனவே விசையில் இருக்கிறதா, அங்கே இது இறங்கினால் ஏபிஎஸ்ஸும் பாலிகார்பனேட்டும் தானாகவே விரிசல் விடும். மாட்டிய அன்றைக்கு ஒன்றும் தெரியாது, சில நாள் கழித்துதான் காட்டும். குப்பியிலேயே பிளாஸ்டிக்கில் விடாதே என்று பொடி எழுத்தில் போட்டிருக்கிறது, நான் படிக்கவில்லை, தம்பியும் படிக்கவில்லை.

உள்ளே நைலான் வளையம் வைத்த நட் கேட்டு வாங்குங்கள். நைலாக் என்றால் கடையில் எடுத்துக் கொடுப்பார்கள். அதிர்வில் கழறாது, சொட்டு எதுவும் தேவையில்லை. முரட்டுத்தனமாக இறுக்கவும் வேண்டாம், பிளாஸ்டிக் அமுங்காத அளவுக்குப் போதும். இருபக்கமும் அகலமான வாஷர், முடிந்தால் உள்பக்கம் 2 மிமீ அலுமினியத் தகடு. 5 மிமீ போல்டுக்கு 5.5 மிமீ துளை போடுங்கள், வெயிலில் பிளாஸ்டிக் இரும்பைவிடப் பல மடங்கு விரியும், அதற்கு இடம் வேண்டும்.

ஏற்கெனவே விட்டிருந்தால் இன்றைக்கே கழற்றி சோப்புத் தண்ணீரில் கழுவுங்கள். பெட்ரோல், தின்னர் கிட்டவே கொண்டுபோகாதீர்கள், அவையும் ஏபிஎஸ்ஸைத் தின்னும்.

விரிசலின் முனையை அப்படியே விடுவது

விரிசல் எங்கே முடிகிறதோ அங்கே 3 மிமீ துளை, அப்போதுதான் விரிசல் மேலே ஓடாது. அதற்குப் பிறகுதான் மற்ற வேலை. டிரில் மெதுவாக ஓடட்டும், வேகமாக ஓட்டினால் பிளாஸ்டிக் உருகித் துளை கோணலாகும்.

சாதா இரும்பு போல்ட்

கடலோர ஊரில் வேண்டாம். எஸ்எஸ் 304, அதாவது துருப்பிடிக்காத எஃகு, கேட்டு வாங்குங்கள்.

இரண்டு கீல், இரண்டு கோடு

ஹார்டுவேர் கடையில் அலமாரிக் கீல் ரெண்டு வாங்கி இடதும் வலதுமாக மாட்டுவார்கள். இரண்டின் கம்பியும் ஒரே நேர்கோட்டில் இல்லையென்றால் திறக்கும் ஒவ்வொரு தடவையும் மூடி முறுக்கும், அந்த முறுக்கு போய் உட்காருவது பிளாஸ்டிக்கில்தான். பெட்டியின் பின்பக்கம் வளைவாக இருந்தால் இது கட்டாயம் நடக்கும். இரண்டு கீலுக்கும் நடுவே ஒரு நேரான கம்பியை வைத்துப் பார்த்துவிட்டுத் துளை போடுங்கள். பெட்டியின் பின்பக்கம் தட்டையாக இருந்தால் நீளமான ஒற்றைக் கீல், பியானோ கீல் என்பார்கள், அதை வெட்டி மாட்டினால் இந்தத் தொல்லையே கிடையாது. பூட்டை மறந்துவிடாதீர்கள். மூடியை மூடி, பூட்டிய நிலையிலேயே துளைக்குக் குறி போடுங்கள். திறந்து வைத்துக் குறித்தால் ரப்பர் பட்டி ஒரு பக்கம் அமுங்காமல் ஐப்பசி மழை நேராக உள்ளே இறங்கும்.

பாப் ரிவெட்

போல்டுக்குப் பதில் ரிவெட் அடிப்பதானால் பின்னால் வாஷர் இல்லாமல் அடிக்காதீர்கள்.

மாட்டியவுடன் நம்பிப் போவது

தம்பியின் பெட்டியில் ஒரு துளையில் மட்டும் விரிசல் ஆரம்பித்திருந்தது, மற்ற மூன்றும் தப்பின. அன்றைக்கே எல்லாவற்றையும் கழற்றிக் கழுவி, தகடு வைத்து நைலாக் போட்டு மாட்டினோம். ஆனாலும் ஒரு மாதத்துக்கு மூடியின் மேல் கொக்கி வைத்த எலாஸ்டிக் கயிறு போடாமல் வண்டியை எடுக்காதே என்று சொல்லியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் கொண்டுவந்து காட்டுகிறான், டார்ச் அடித்து நாலு துளையையும் பார்க்கிறோம்.