பட்டாம்பூச்சிக்குச் செடி வைக்கும்போது நாம் விடுகிற தவறுகள்

மதுரைப் பக்கம் வாசலில் கொஞ்சம் இடம் இருந்து, பட்டாம்பூச்சி வரட்டுமே என்று நர்சரிக்குப் போகிறவர்கள் பலர் வாங்கி வருவது உன்னிச்செடி. பூச்சி வரும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்து நம் காடு மலையெல்லாம் புதராக மூடிக்கொண்டிருக்கிற செடி அது, தயவுசெய்து நீங்களும் பரப்பாதீர்கள்.

அதைவிடப் பெரிய தவறு, பூவை மட்டும் பார்த்து வாங்குவது. தேன் குடிக்கப் பட்டாம்பூச்சி எத்தனையோ பூக்களுக்குப் போகும், முட்டையிட மட்டும் தன் புழு தின்னும் செடியைத் தேடித்தான் போகும். வெந்தய வரியனுக்கு எருக்கு, வெளிர் மஞ்சளாகப் பறக்கும் கொன்னை வெள்ளையன் வகைக்கு ஆவாரை, சிவப்பு உடம்பும் கறுப்பு இறக்கையுமாக வருகிறதே அதற்கு ஆடுதீண்டாப்பாளை. எருக்கு வீட்டுக்கு ஆகாது என்பார்கள். பிள்ளையாருக்கு எருக்கம்பூ மாலை போடுகிற ஊரில் ஓரமாக ஒன்று நின்றால் என்ன? பால் மட்டும் கண்ணில் படக்கூடாது.

சரி, செடி வளர்ந்தது, இலையில் ஓட்டை விழுந்தது. உடனே மருந்து அடித்தால் எல்லாம் போச்சு, வேப்பெண்ணெயும் இதில் சேர்த்திதான். கறிவேப்பிலையில் பறவை எச்சம் போல ஒட்டியிருப்பதைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள், தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை மாதிரி ஒன்றை நீட்டி ஒரு வாடை விடும். வால் இல்லாத, அழகான எலுமிச்சைப் பட்டாம்பூச்சியின் குழந்தை அது. இலை மறுபடி துளிர்க்கும், விட்டுவிடுங்கள்.

ஆவாரைக்கு ரோஜாவுக்குப் போல தினமும் தண்ணீர் ஊற்றுவதும் தப்பு. கரட்டில் வளர்கிற செடி, தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். அழகர்மலையிலோ, 2022-ல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்த அரிட்டாபட்டியிலோ போய்ப் பிடுங்கி வராதீர்கள். ஆணிவேர் அறுந்தால் பிழைக்காது. காய்ந்த நெற்றிலிருந்து விதை எடுத்து, தோல் கெட்டி என்பதால் உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, ஒரு ராத்திரி ஊறவைத்து, ஐப்பசி மழையோடு, செடி நிற்க வேண்டிய இடத்திலேயே ஊன்றுங்கள்.

அப்புறம் பொங்கலுக்கு வீட்டைச் சுத்தம் செய்கிறோம் என்று செடியை மொட்டையாக வெட்டாதீர்கள். காப்புக் கட்ட ஆவாரம்பூ பறிக்கும்போதே இலையின் அடிப்பக்கத்தையும் தண்டையும் பார்த்து, கூட்டுப்புழு இருக்கிற கிளையை விட்டுவிட்டு மிச்சத்தைக் கழியுங்கள்.